5,540 கி.மீ. பறக்க ஏன் 8 மணி நேரம்? விமான தூரமும் பயண நேரமும்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையம் 5,540 கி.மீ. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் 6 மணி 9 நிமிடம். ஆனால் கால அட்டவணையில் போவதற்குச் சுமார் 8 மணி நேரம் என்றும், திரும்பி வருவதற்குச் சுமார் 7 மணி நேரம் என்றும் போட்டிருக்கும். நாம் கணக்குப் போட்டு எடுத்த 6:09 இரண்டிலும் இல்லை.

இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் இணையக் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வகுத்தலைத்தான் செய்கின்றன. தூரம் ஓரளவு சரியாக வரும், நேரம் பெரும்பாலும் தவறாக வரும். காரணம் எளிது. தூரம் உருண்டையின் மேல் போடும் வடிவியல் கணக்கு. இரண்டு புள்ளிகள் தெரிந்தால் போதும். நேரத்தை முடிவு செய்வது காற்று, திறந்திருக்கும் வான்வெளி, ஓடுபாதையில் நிற்கும் வரிசை, ஏர்லைன் கூட்டி வைத்த நிமிடங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதை நேராக எடுக்க முடியாது. ஆனால் நடுவில் என்னென்ன சேர்கிறது என்று தெரிந்தால் கால் மணி நேரப் பிசகுக்குள் மதிப்பிட்டுவிடலாம்.

தூரக் கணக்கு

முதலில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று பார்க்க வேண்டும். ஊர் என்று கொடுத்தால் சில கருவிகள் நகரின் மையத்தை எடுக்கும், சில விமான நிலையத்தை எடுக்கும். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஹனேடாவோ நகரை ஒட்டியே இருக்கிறது. "டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம்" என்ற கேள்விக்கு இரண்டு தளங்கள் இரண்டு விடை சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம். விமானப் பயணத்துக்கு விமான நிலையங்களின் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) எடுப்பதே பொருத்தம்.

பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் பெருவட்டப் பாதை. பூமியின் மையம் வழியாகவும் அந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரு தளத்தை வெட்டினால் மேற்பரப்பில் விழும் கோடு அது. உருண்டை மாதிரியில் ஒரு நூலை இரண்டு ஊர்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்தால் நூல் எங்கே படிகிறதோ அதுதான் பாதை.

இதைக் கணக்கிட, உருண்டையின் மேல் தூரம் காணும் ஹாவர்சைன் சூத்திரம் போதும். ஹீத்ரோ வடக்கு 51.4700 பாகை, மேற்கு 0.4543. ஜே.எஃப்.கே. வடக்கு 40.6413, மேற்கு 73.7781. அட்சரேகை வித்தியாசம் 10.8287 பாகை, அதில் பாதியின் சைன் மதிப்பை வர்க்கப்படுத்தினால் 0.0089. தீர்க்கரேகை வித்தியாசம் 73.3238 பாகை, பாதியின் சைன் வர்க்கம் 0.3565. இந்த இரண்டாவது எண்ணை இரு அட்சரேகைகளின் கோசைன்களாலும் பெருக்க வேண்டும் (0.6229, 0.7588). வருவது 0.1685. முதல் எண்ணைக் கூட்டினால் 0.1774. இதன் வர்க்கமூலம் 0.4212. எந்தக் கோணத்தின் சைன் இது என்று பார்த்தால் 24.91 பாகை, இரட்டிப்பாக்கினால் 49.82. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. ஆகவே 5,540 கி.மீ.

சில தளங்கள் இதே ஜோடிக்கு 5,555 கி.மீ. அளவில் சொல்வதைப் பார்க்கலாம். அதுவும் பிழை இல்லை. பூமி முழு உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378.137 கி.மீ., துருவ ஆரம் 6,356.752 கி.மீ. இந்தத் தட்டைத்தன்மையைச் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் உள்ளன. 1975-இல் வின்சென்ட்டி வெளியிட்ட முறை அவற்றில் பரவலாகப் பயன்படுவது. உருண்டை என்று வைத்துக்கொண்டால் வரும் பிழை அதிகபட்சம் அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பயண நேரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 15 கி.மீ. என்பது ஒரு நிமிடப் பறத்தல். விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகிவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. பெரிதாகும்தான், இந்தப் பாதையில் மொத்தமே 10 கி.மீ.க்குள்.

உண்மையில் கணக்கைக் கெடுப்பவை வேறு. பாகை–கலை வடிவில் (ஒரு பாகைக்கு 60 கலை) உள்ள எண்ணைப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும்: 40°38′ என்றால் 40.38 இல்லை, 38-ஐ 60-ஆல் வகுத்து 40.633. மாற்றி எழுதினால் அந்த ஒரு எண்ணிலேயே 28 கி.மீ. பிசகும். மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி போட மறந்தால் நியூயார்க் மத்திய ஆசியாவுக்குப் போய்விடும். விரிதாளிலும் நிரல்மொழிகளிலும் சைன், கோசைன் எல்லாம் ரேடியன் என்னும் வேறு கோண அலகில்தான் எதிர்பார்க்கப்படும். பாகையை அப்படியே கொடுத்தால் குப்பை வரும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது இன்னொன்று. மனிதர்கள் அட்சரேகையை முதலில் எழுதுகிறார்கள், வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் கோப்பு தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. விடை வந்ததும் 20,015 கி.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பூமியின் மேல் எந்த இரண்டு புள்ளிக்கும் அதைவிடத் தூரம் கிடையாது; மீறினால் எங்கோ தப்பு.

அலகையும் கவனிக்க வேண்டும். விமானத் துறையின் மைல் கடல் மைல், 1,852 மீட்டர். தரை மைல் 1,609 மீட்டர். லண்டன்–நியூயார்க் சுமார் 3,000 கடல் மைல். அதையே தரை மைல் என்று எடுத்துக் கிலோமீட்டராக மாற்றினால் 4,828 வரும். எழுநூறு கிலோமீட்டர் காணாமல் போகும்.

வரைபடத்தில் ஏன் வளைந்து தெரிகிறது

விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையைப் பார்த்து, "நேராகப் போகாமல் ஏன் வடக்கே சுற்றிக்கொண்டு போகிறான்" என்று கேட்காதவர் குறைவு. தட்டை வரைபடத்தில் கிழக்கு மேற்காக இழுத்த நேர்கோடு உருண்டையின் மேல் நேரானது அல்ல. 50 பாகை வடக்கு அட்சரேகையில், 90 பாகை தீர்க்கரேகை இடைவெளியில் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே போனால் 6,433 கி.மீ. பெருவட்டத்தில் போனால் 6,012 கி.மீ. மிச்சம் 421 கி.மீ., கிட்டத்தட்ட அரை மணி நேரம். 60 பாகையில், பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் என்றால் வித்தியாசம் இன்னும் அதிகம்: அட்சரேகை வழியே 10,008 கி.மீ., துருவத்தின் மேலாகப் போனால் 6,672 கி.மீ. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த லாபம் கரைந்துவிடும். வடக்கு–தெற்காகப் போகும் பாதையில் வளைவே தெரியாது.

பெருவட்டத்தில் யாரும் பறப்பதில்லை

பெருவட்ட தூரம் ஒரு குறைந்தபட்ச வரம்பு. விமானம் உண்மையில் பறப்பது அதைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதல். ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்ப வேண்டும். காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். கிழக்கே போக வேண்டிய விமானம் மேற்கே ஏறித் திரும்பினால் அங்கேயே சில பத்து கிலோமீட்டர் கூடும். இறங்கும் நிலையத்தில் வரிசை இருந்தால் வட்டமடிக்க வேண்டியிருக்கும். இவை சாதாரணமாகச் சில சதவீதம்தான். குறுகிய பயணங்களில் இந்தச் சதவீதம் பெரிதாகத் தெரியும், நீண்ட பயணங்களில் தெரியாது.

பெரிய மாற்றம் வருவது வான்வெளி மூடப்படும்போது. ஹெல்சிங்கி–டோக்கியோ பெருவட்ட தூரம் ஏறக்குறைய 7,820 கி.மீ. பாதை முழுக்க ரஷ்யாவின் மேலாகப் போவதால் ஃபின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனத்துக்கு இது ஒன்பதரை மணி நேரப் பயணமாக இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு மிகக் கிட்டத்து வாசல் என்று சொல்லித்தான் அந்த நிறுவனம் தன் வியாபாரத்தையே கட்டியது. 2022 பிப்ரவரியில் ரஷ்ய வான்வெளி மூடியதும் அதே ஊர், அதே விமானம், 13 மணி நேரம் ஆனது. வட துருவத்தை ஒட்டி ஒரு வழி, தெற்கே மத்திய ஆசியா வழியாக இன்னொரு வழி. அன்றைய காற்று எதற்குச் சாதகமோ அது. பெருவட்ட தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. அதை மட்டும் நம்பும் கருவிகள் இன்றும் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கின்றன. இது புதிதும் இல்லை. பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பா–டோக்கியோ விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. 1983-இல் ஃபின்னேர் டி.சி.10 விமானத்தில் வட துருவம் வழியாக இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியது. அப்போதும் ஏறக்குறைய 13 மணி நேரம்தான்.

திபெத் பீடபூமி இன்னொரு தடை. விமானத்தில் காற்றழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் ஆக்சிஜன் முகமூடி சில நிமிடங்களுக்கே போதும். பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 14,800 அடி. இறங்க இடம் இல்லாத ஊருக்கு மேலே பறக்கத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதால் பெரும்பாலான நீண்ட தூர விமானங்கள் ஒதுங்கியே போகின்றன.

கடலின் மேல் வேறு விதி. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றால், மிச்சம் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய முடிய வேண்டும். சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் அந்த வரம்பு 60 நிமிடம். ஈடாப்ஸ் என்னும் அனுமதி 1985-இல் 120 நிமிடமாக நீட்டியது. பிறகு 180 ஆனது. ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை உண்டு. வட அட்லாண்டிக்கில் இது இன்று பாதையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சிட்னி–சாண்டியாகோ, சிட்னி–ஜோகன்னஸ்பர்க் மாதிரி அண்டார்டிகா பக்கம் வளையும் பாதைகளில், எந்த விமானம், எத்தனை நிமிட அனுமதி என்பதைப் பொறுத்து எவ்வளவு தெற்கே போகலாம் என்பது மாறும். துருவப் பாதைகளில் எரிபொருள் உறைவதும் ஒரு கவலை. ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை மைனஸ் 40 பாகை செல்சியஸ், ஜெட் ஏ1-க்கு மைனஸ் 47. டேங்க் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் உயரத்தைக் குறைத்தோ வேகத்தைக் கூட்டியோ பாதையை மாற்றியோ சமாளிக்க வேண்டும்.

காற்று

ஜெட் விமானத்தின் வேகத்தை மாக் எண்ணில், அதாவது ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்று, சொல்வார்கள். ஏ320, போயிங் 737 மாதிரியானவை மாக் 0.78 அளவில், போயிங் 787, ஏ350 மாதிரியானவை 0.85 அளவில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை. அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. ஆகவே 828 கி.மீ., 903 கி.மீ. ஆனால் இது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்த வேகம் வேண்டும் என்றால் காற்றைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். ஆற்றோட்டத்தில் போகும் படகு மாதிரிதான்.

நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். குளிர்காலத்தில் துருவத்துக்கும் வெப்ப மண்டலத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் அதிகம் என்பதால் காற்றும் வலுக்கும். அதனால்தான் நியூயார்க்கிலிருந்து லண்டன் வருவது ஒரு மணி நேரம் குறைவு. தென் அரைக்கோளத்திலும் மேற்கிலிருந்து கிழக்கேதான் வீசுகிறது: சிட்னியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சுமார் 14 மணி நேரம், திரும்பி வர 12 மணி நேரம். லண்டன்–ஜோகன்னஸ்பர்க் மாதிரி வடக்கு தெற்காகப் போனால் இரண்டு திசையிலும் ஏறக்குறைய 11 மணி நேரம். பெரிய வித்தியாசம் இல்லை.

பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வரும், அதனால் மேற்குப் பயணம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றில் பறக்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. இந்த வாதம் உண்மை என்றால் எந்த விமானமும் கிழக்கே போக முடியாது.

காற்றின் கணக்கில் பலர் சறுக்கும் ஒரு இடம் இருக்கிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆகாது. 900 கி.மீ. வேக விமானம், 100 கி.மீ. காற்று, 5,540 கி.மீ. தூரம். எதிர்க்காற்றில் தரை வேகம் 800, 6 மணி 55 நிமிடம். பின்காற்றில் 1,000, 5 மணி 32 நிமிடம். மொத்தம் 12:28. காற்றே இல்லாவிட்டால் 12:19. மெதுவாகப் போகும் பக்கத்தில் அதிக நேரம் செலவாவதால் அதன் பாதிப்பும் அதிக நேரம் நீடிக்கிறது. காற்று இரட்டிப்பானால் நட்டம் நான்கு மடங்கை ஒட்டி வரும். நேர்பக்கவாட்டில் வீசும் குறுக்குக்காற்றும் இலவசம் இல்லை: விமானம் மூக்கைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் பறக்க வேண்டும், 100 கி.மீ. குறுக்குக்காற்றில் 900 என்பது 894 ஆகும்.

இதனால்தான் டிஸ்பாச்சர்கள் (ஏர்லைனில் பாதையைத் திட்டமிடுபவர்கள்) தூரம் குறைந்த பாதையைத் தேடுவதில்லை, நேரமும் எரிபொருளும் குறைந்த பாதையைத் தேடுகிறார்கள். வட அட்லாண்டிக்கில் இதற்கென்றே நாளொன்றுக்கு இரண்டு முறை பாதைத் தொகுப்பு வெளியாகிறது. பகலில் மேற்கே போகும் கூட்டத்துக்கு ஒன்று, இரவில் கிழக்கே வரும் கூட்டத்துக்கு ஒன்று. நடுக்கடல் வரை ஒரு பக்கத்தை ஷான்விக்கும் மறு பக்கத்தை காண்டரும் என்ற இரண்டு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்கள் கவனிக்கின்றன. ஒரே விமானம் நேற்று கிரீன்லாந்து ஓரமாகவும் இன்று பல நூறு கிலோமீட்டர் தெற்கேயும் போவது இதனால்தான்.

காற்று கைகொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 பிப்ரவரி 8–9 இரவு நல்ல உதாரணம். சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரை வேகம் மணிக்கு 1,327 கி.மீ. வரை போனது. ஒலியைத் தாண்டிவிட்டதா என்றால் இல்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. உண்மையாகவே ஒலியைத் தாண்டிப் பறந்த கான்கார்ட் 1996 பிப்ரவரி 7 அன்று இதே பாதையை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் முடித்தது.

டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம்

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் விமானம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. கேட்டை விட்டு நகரும் நேரம். சேரும் நேரமும் ஓடுபாதையைத் தொடும் நேரம் அல்ல, கேட்டில் வந்து நிற்கும் நேரம். இந்த இடைவெளிக்குப் பிளாக் டைம் என்று பெயர். விமானமே நான்கு நேரங்களைப் பதிவு செய்து அனுப்பும்: கேட்டை விட்டது, எழுந்தது, தொட்டது, கேட்டில் நின்றது. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே உள்ளது பிளாக் டைம். நடு இரண்டுக்கும் இடையே உள்ளதுதான் உண்மையான பறக்கும் நேரம்.

பெரிய நிலையத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக 15 முதல் 25 நிமிடம் ஆகலாம்; இறங்கியபின் கேட்டுக்கு 5 முதல் 15 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ., என்று வேக வரம்பு. பறக்கும் உயரத்தை எட்ட 20–25 நிமிடம் பிடிக்கும், அதற்குள் 200 கி.மீ.க்கு மேல் போயிருக்கும். இறக்கத்துக்குப் பைலட்டுகளின் கைக்கணக்கு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 36,000 அடி என்றால் 108 கடல் மைல், அதாவது 200 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 450 கி.மீ. பயணத்தில் விமானம் மேலே போய் நிமிர்வதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். அங்கே 900-ஆல் வகுத்தால் அரை மணி வரும், அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

இவற்றுக்கு மேல் ஏர்லைன் தன் பங்குக்குச் சில நிமிடம் கூட்டி வைக்கும். 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்தில் வந்ததாகக் கணக்கு. நேரம் தவறாத ஏர்லைன்களின் பட்டியலில் நல்ல பெயர் எடுக்க, பழைய பதிவுகளைப் பார்த்து, பெரும்பாலான நாட்களில் போதுமான நேரத்தை அட்டவணையில் வைக்கிறார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் நேரத்துக்கு வந்து சேருவதும், நேரத்துக்குக் கிளம்பியது 25 நிமிடம் முன்னதாக வந்து கேட் கிடைக்காமல் நிற்பதும் இதனால்தான். பைலட் வேகத்தைக் கூட்டி ஈடு செய்தார் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. மாக் எண்ணில் 0.02 கூட்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை நிமிடம்கூட மிஞ்சாது, எரிபொருள் மட்டும் கணிசமாகக் கரையும்.

மதிப்பிடுவதற்கு ஒரு கைக்கணக்கு: பெருவட்ட தூரத்தை 850-ஆல் வகுத்து 45 நிமிடம் சேருங்கள். இது ஜெட் விமானத்துக்கு. 850 என்பதில் பாதையின் கூடுதல் வளைவும் அடங்கும், 45 நிமிடத்தில் தரையில் ஊர்வதும் ஏற்ற இறக்கமும் அடங்கும். மெல்போர்ன்–சிட்னி சுமார் 705 கி.மீ.: 50 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து 1:35. அட்டவணையிலும் ஒன்றரை மணி நேரம்தான். சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,350 கி.மீ.: 18:48. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அட்டவணையும் 18-க்கும் 19-க்கும் இடையே. லண்டன்–நியூயார்க்: 7:16. நடு அட்சரேகையில் கிழக்கு மேற்காகப் போகும் நீண்ட பாதை என்பதால் மேற்கே 7 சதவீதம் கூட்டி, கிழக்கே 7 சதவீதம் குறைக்க வேண்டும்: 7:46, 6:46. இரு முனையிலும் நெரிசல் மிகுந்த நிலையங்கள், கால் மணி சேர்த்தால் 8 மணியும் 7 மணியும் வந்துவிடுகின்றன. ஏ.டி.ஆர். மாதிரி டர்போபிராப் (சுழல்விசிறி வைத்த சிறிய விமானம்) என்றால் 450-ஆல் வகுத்து அரை மணி சேருங்கள். மூடிய வான்வெளியைச் சுற்றிப் போகும் பாதைக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே பெருவட்ட தூரத்துக்குப் பதில் உண்மையில் பறந்த தூரத்தை எடுக்க வேண்டும்.

கைக்கணக்கு மேலும் உடையும் இடம் மிகக் குறுகிய பயணம். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே இடையே லோகன்ஏர் நடத்தும் சேவையின் தூரம் 2.7 கி.மீ. அட்டவணை நேரமே 2 நிமிடம். காற்று அனுகூலமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது.

கடிகாரக் கணக்கு

அட்டவணையில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். நேராகக் கழித்தால் பயண நேரம் வராது. இரண்டையும் யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதே பிசகாத வழி. டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம் கோடைக்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதி காலை 11 மணிக்கு இறங்கும். கிளம்புமுன்பே வந்துவிட்ட மாதிரி இருக்கும். டோக்கியோ யு.டி.சி.யைவிட 9 மணி முன்னால், ஆகவே கிளம்பியது 08:00. லாஸ் ஏஞ்சலஸ் கோடையில் 7 மணி பின்னால், ஆகவே சேர்ந்தது 18:00. பயணம் 10 மணி நேரம். சர்வதேசத் தேதிக்கோட்டை எதிர்த் திசையில் தாண்டும்போது ஒரு நாள் கூடும். டிக்கெட்டில் சேரும் நேரத்தின் பக்கத்தில் இருக்கும் கூட்டல் 1, இறங்குவது உள்ளூர்த் தேதிப்படி அடுத்த நாள் என்பதைச் சொல்கிறது. அதைக் கவனிக்காமல் இறங்கும் ஊரில் விடுதியை ஒரு நாள் முன்பே பதிவு செய்துவிட்டுப் பணத்தை இழப்பவர்கள் நிறைய. எல்லா ஊரும் முழு மணிக் கணக்கிலும் இல்லை: இந்தியா ஐந்தரை மணி, நேபாளம் ஐந்தே முக்கால் மணி முன்னால்.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கும் கோடைக்கால நேர மாற்றம்தான் மிகவும் சிக்கலானது. ஏர்லைன்களின் கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறன்றும் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் தொடங்குகின்றன. ஐரோப்பா கடிகாரத்தை மாற்றுவதும் அந்த நாட்களில்தான். அமெரிக்காவோ மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே மாற்றிவிடுகிறது, நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்புகிறது. தென் அரைக்கோளத்தில் நேரம் மாற்றும் நாடுகள் எதிர்த் திசையில் மாற்றுகின்றன. வழக்கமாக 5 மணி வித்தியாசம் உள்ள லண்டனும் நியூயார்க்கும் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் 4 மணி வித்தியாசத்தில் இருக்கும். அந்த வாரங்களில் பயணம் செய்பவர் 5 என்று வைத்துக் கழித்தால் எட்டு மணிப் பயணம் ஒன்பதாகத் தெரியும். பயண நாளுக்கு உரிய யு.டி.சி. வித்தியாசத்தை எடுத்துப் போட்டால்தான் கணக்கு சரிவரும்.